தொட்டில் கயிற்றில் சிலந்தி

ஐம்பதுகளில் போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் குடியிருந்தோம். அங்கே ஒரு கங்காணி. முறுக்கு மீசை, இடி மாதிரிக் குரல். எந்த வீட்டுக்கு வந்தாலும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நுழைவார்.

ஒரு மழைக்காலக் காலையில், என் கைக்குழந்தையின் தொட்டில் கயிற்றில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலறினேன். ஓடிவந்த கங்காணிக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆத்தா, யானை வந்தாக்கூட நிப்பேன். இதைக் கண்டா மட்டும் எனக்கு உசுரே போயிரும்."

"அண்ணே, பிள்ளை!" என்றேன்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குழந்தையை அள்ளினார். சிலந்தி அவர் முழங்கையில் விழுந்து தோளுக்கு ஏறியது. அப்படியே பிள்ளையை என்னிடம் நீட்டினார். நான் பிள்ளையை வாங்கிய பிறகுதான் சட்டையைக் கழற்றி எறிந்தார். வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார்.

அவ்வளவு பயத்திலும் அந்தக் கைகள் எப்படி உதறாமல் இருந்தன என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.