சக்கரம் வைத்த ஏசி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் முன்பக்கச் சுவரில் எதையும் மாட்டக் கூடாது என்பது சட்டம். துணி காயப்போடக் கூடாது, பூந்தொட்டி தொங்கவிடக் கூடாது, ஏசியின் வெளிப்பெட்டியைப் பற்றி நினைக்கவே கூடாது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு படுக்கையறை. அந்த அறைக்கு இருப்பதோ ஒரே ஒரு வெளிச்சுவர், அதுவும் சாலையைப் பார்த்தது. சங்கச் செயலாளரிடம் மூன்று முறை போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் சிஸ்டர்" என்று மூன்று முறையும் ஒரே மாதிரி சிரித்தார். முப்பத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து டாக்டர்களையே அதட்டி வேலை வாங்கியவள் நான். இந்த மனிதரிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது இரவெல்லாம் திருப்பித் தரும். வேலையில் இருந்தவரை எனக்கு இது பெரிதாகத் தெரிந்ததில்லை. காலையில் பஸ்ஸில் வெந்து வதங்கிப் போவேன், தியேட்டர் கதவைத் தள்ளியதும் அந்தக் குளிர் வந்து முகத்தில் படும். அதில் மருந்து வாசனையும் வெந்நீர் ஆவியில் வெந்த துணியின் வாசனையும் கலந்திருக்கும். இன்றைக்கும் எங்காவது ஒரு குளிர்ந்த கதவைத் திறந்தால் அந்த வாசனை வருமா என்று மூக்கு தேடுகிறது. வராது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். குளிரை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த முதல் கோடையில் என் உடம்பு என் சொல் கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழேயே கிடந்தும் முதுகு எரிந்தது. அந்தச் சித்திரையில்தான் என் வீட்டுக்காரர் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். வெயில் தணிந்தால் உள்ளே வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஐப்பசி மழை வந்தது, மார்கழிப் பனியும் வந்தது. பாய் ஹாலை விட்டு நகரவில்லை. காலையில் எழுந்து காபி கேட்பார், பேப்பர் படிப்பார், சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கட்டிலில் அவர் பக்கத்துத் தலையணை உறை மட்டும் துவைத்து மாட்டியபடியே வெள்ளையாக இருந்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்க ரோஷம்.

தவிர, காரணம் எனக்கே தெரியும் என்று நம்பினேன். அவருக்கு மூடிய அறை ஆகாது. இது நான் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்த விஷயம்.

அப்போது நாங்கள் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம். அவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலுக்குக் கடைசி மெருகு கொடுக்கும் பிரிவில் சூப்பர்வைசர். எனக்கு மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. காலையில் நான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். வீட்டுக்கு இருந்தது ஒரே சாவி. அதை என் கையில் வைப்பார். "ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்பார். பஸ் வந்துவிடும். அன்றைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் படுக்கையறை ஜன்னலில் ஒரு ஈரப் போர்வை தொங்கும். கீழ்முனை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். தோல் சீக்கிரம் காய்ந்து விறைத்துவிடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஈரச் சாக்கு போடுவார்களாம், அந்த வித்தை. பதினொரு மணி வரை அறை சில்லென்று இருக்கும். அதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். அந்த ஈரப் போர்வையைத் தாண்டி வந்த காற்றை நினைத்தால் இப்போதும் கண் சொக்குகிறது. எந்த ஏசியும் அந்தக் காற்றைத் தந்ததில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன்.

ஆனால் கட்டில் விரிப்பு மட்டும் நான் முந்தின நாள் விரித்தபடியே சுருக்கம் இல்லாமல் இருக்கும். அவர் பாய் மொட்டை மாடியில் சுருட்டி வைத்திருக்கும். மழை நாளில்கூட மாடிப்படி வளைவில் போய்ப் படுத்தார் என்று கீழ்வீட்டு அம்மா சொல்லிச் சிரிப்பார். சரி, இவருக்கு மூடிய அறை ஆகாது என்று முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம்தான். ஆனால் தியேட்டர் நர்சுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே கத்தரிக்கோல் அவர் கையில் இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவள்தான் நல்ல நர்ஸ். அந்தத் திமிரில் வீட்டிலும் யாரையும் எதுவும் கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த வருடம் மாசியிலேயே வெயில் ஆரம்பித்துவிட்டது. சக்கரம் வைத்த ஏசி என்று ஒன்று இருக்கிறது, சுவரில் எதையும் மாட்ட வேண்டாம் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். ஏசி என்றால் கதவை மூட வேண்டும். கதவை மூடினால் அவர் ஹாலிலேயே தங்கிவிடுவார். அதன் பிறகு அது அவர் இடம், இது என் இடம் என்று ஆகிவிடும். வாங்கினால் என் முதுகு பிழைக்கும், வாங்காவிட்டால் அவர் என்றாவது உள்ளே வருவார் என்ற நப்பாசை பிழைக்கும். ஒரு மாதம் இப்படியே இழுத்தடித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை வேர்வையில் தலை கிறுகிறுத்தது. "கிளம்புங்க, கடைக்குப் போய்ட்டு வரலாம்" என்றேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

காட்பாடி சாலையில் ஒரு பெரிய கடை. எங்களைக் கவனித்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவராம். நான் நடக்கிற நடையைப் பார்த்ததுமே "ஆஸ்பத்திரி சிஸ்டரா நீங்க?" என்று கேட்டார். இந்த ஊரில் அதை மறைக்க முடியாது.

"ரூம் எவ்ளோ பெருசு சிஸ்டர்?"

"பத்துக்குப் பன்னெண்டு."

இடுப்பு உயரத்தில் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டுக்கும் பின்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். "உள்ள இருக்கிற சூட்டை இந்தக் குழாய்தான் வெளிய தள்ளும். ஜன்னல்ல பொருத்தணும். இடுக்கு விட்டீங்கன்னா தள்ளின சூடு திரும்ப உள்ள வந்துடும்" என்றார். பெட்டியை ஓடவிட்டுக் காட்டினார். மாவு மில்லில் நிற்கிற மாதிரி இருந்தது. "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் குழாயைக் கண்டதும் உயிர் பெற்றார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கிள்ளினார். மடக்கினார், மடக்கிய இடத்தில் வெடிப்பு விடுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. "தோல் காய வைக்கிற எங்க டிரையர்லயும் இதே பேஜார்தான். குழாய் கம்மி ரகமா இருந்தா ஒரே சீசன்தான் தாங்கும்" என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் எடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. குழாயிடம் இவ்வளவு அக்கறை!

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார்" என்றார் அந்தப் பெண். "ராத்திரி பூரா கதவு மூடியே இருக்கணும். ஒருத்தர்தான் படுப்பீங்கன்னா சின்னதே ஓடும். ரெண்டு பேர்னா பெருசுதான் சரிப்படும்."

நான் முந்திக்கொண்டேன். "அவருக்கு மூடின ரூம் ஆகாதும்மா. ஹால்லதான் படுப்பார். எனக்கு மட்டும்தான், சின்னதே போதும்."

கேட்காமலே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாயிற்று.

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆகாதுன்னு யாரு சொன்னது?"

"இன்னா யாரு சொன்னது? சத்துவாச்சாரி வீட்ல மொட்டை மாடிலயேதான படுத்துட்டு இருந்தீங்க?"

"நீ நைட் டியூட்டி போன அன்னிக்குப் படுத்தேன். நீ வீட்ல இருந்த அன்னிக்கு எங்க படுத்தேன்?"

யோசித்துப் பார்த்தேன். நான் வீட்டில் இருந்த நாளெல்லாம் அவர் என் பக்கத்தில்தான் படுத்தார். அடுப்பாகக் கொதித்த அந்த அறையில், ஜன்னல் கதவையும் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் படுத்தார்.

"காலியா கிடக்கிற ரூம்ல போய்ப் படுக்க முடியல. அதான் மாடிக்குப் போனேன்" என்றார், குழாயைப் பார்த்தே. இந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு முப்பது வருடமும் ஒரு ஏசி கடையும் தேவைப்பட்டிருக்கிறது.

"அப்ப இப்ப மட்டும் ஏன் ஹால்ல கிடக்கறீங்க?"

"போன வருஷம் நீதானே சொன்னே, நெருப்பு மாதிரி இருக்கீங்க, தள்ளிப் படுங்கன்னு. நானும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கம் செவுரு வந்துடுச்சு."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அரைத்தூக்கத்தில், எரிச்சலில், சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய வாய்தான் இது. நான் மறுநாளே மறந்துவிட்ட ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் ஒரு வருடம் தரையில் படுத்திருக்கிறார். கடை நடுவில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பெண் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப பெருசு போடட்டுமா சிஸ்டர்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய நேரத்தில் பெட்டி வந்து இறங்கியது. குழாயைப் பொருத்தக் கூடவே கொடுத்த பிளாஸ்டிக் பலகை எங்கள் ஜன்னலுக்குப் பொருந்தவில்லை. இவருக்கு அதில் ஏக சந்தோஷம். பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். தொழிற்சாலையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த தோல் துண்டுகள், கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமுமாக. அவற்றை வெட்டி, தட்டி, ஒட்டி, குழாயைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடைத்தார். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒவ்வொரு மூலையிலும் காற்று வருகிறதா என்று பார்த்தார். சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை.

இரண்டு மணிக்கு ஓடவிட்டோம். அரை மணியில் அறை குளிர்ந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. நீ படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்ப் பாயை விரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். கடையில் அவ்வளவு பேசியவர் இப்போது பாயைத் தேடிப் போகிறார். கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. போகச் சொன்னது நான். கடையில் அத்தனை பேச்சிலும் வரச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் எதற்கும் கூப்பிட்டதில்லை, சாப்பாட்டுக்குத் தவிர. அவர் வருவது தானாக நடக்கிற காரியம் என்று இருந்துவிட்டேன்.

எழுந்து போய்க் கதவருகே நின்றேன். வயது அறுபது, கூப்பிட வெட்கமாக இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள்.

"எனக்கு ஒருத்திக்குன்னா டேபிள் ஃபேனே போதும்" என்றேன். "உள்ள வந்து படுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார், கதவை அவரே சாத்தினார். கட்டிலின் ஓரமாகச் சுவரை ஒட்டிப் படுக்கப் போனவரின் சட்டையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். அந்த மில் சத்தத்திலும் தூங்கிவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தியேட்டரில் நான் பார்த்த தூங்கும் முகங்களுக்குக் கணக்கே கிடையாது. மயக்கம் ஆழமாக இருக்கிறதா, கலைகிறதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள். இவர் தூங்கும்போது இடது புருவம் லேசாக மேலே ஏறுகிறது. ஏதோ கேட்கப்போகிற மாதிரி இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். எனக்கு அது தெரியாது.