தலைப்பாகைக் கடைக்காரர்

யங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையருகே கடை வைத்திருந்த அந்தத் தையல்காரருக்கு, பேசுபவரின் முகத்தை விட்டுவிட்டுத் தலையையே பார்க்கும் பழக்கம். மேலவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற நானும், சபைக்குள் கட்டாயம் அணிய வேண்டிய பட்டுத் தலைப்பாகைக்கு அளவு கொடுக்கப் போனேன். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கழுத்தில் தொங்கிய டேப்பை அவர் தொடவேயில்லை.

“முடிவு வரட்டும் அண்ணே, அப்புறமா தைப்போம்.”

அலமாரியில் பெயர்ச்சீட்டு குத்திய தலைப்பாகைகள் வரிசையாக இருந்தன.

“அப்ப இதெல்லாம் யாருக்கு?”

“ஜெயிச்சவங்களுக்கு,” என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

கோபத்தோடு படியிறங்கினேன்.

பிறகு வானொலியில் பெயர்களை வாசித்தார்கள். அலமாரிச் சீட்டுகளில் பார்த்த அதே பெயர்கள்; வரிசைகூட மாறவில்லை. அந்தத் தேர்தலில் என்னை ஏமாற்றாத ஒரே மனிதர் அவர்தான்.