மஞ்சள் பூசிய பத்துத் துண்டுகள்

"செல்வராணி அக்கா போயிட்டாவ" என்று வகுப்புக் குழுவில் நான்தான் போட்டேன். "ஏலே, இதுலயுமா விளையாடுவ?" என்று நாலு பேர் திட்டினார்கள். ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கு ஒருவன் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் குழு அடங்கியது. நெஞ்சுவலியாம். நம்பாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் எடுத்த பெயர் அப்படி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பாலிடெக்னிக்கில் படித்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஆய்வகத்தில் இழுவைச் சோதனை இயந்திரத்தை ஓட்டியவர். எதையும் அறும்வரை இழுப்பார். பேச்சை மட்டும் இழுக்க மாட்டார். "ஒடையட்டும்லே, ஒடைஞ்சாத்தான உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்பார்.

நானும் என் கூட்டாளி கார்த்திக்கும் தறிக்கூடத்தில் கழிவாக விழும் பேண்டேஜ் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கி, முறிந்த கைக்கு வைத்துக் கட்டும் பட்டை செய்தோம். அதைக் காமா கதிரில் காட்டிக் கிருமி நீக்க வேண்டும். கதிர் பட்டால் பட்டை தாங்குமா? அதைச் செய்து விற்க நினைத்த பட்டறைக்காரர் ஒருவர் பதிலுக்குக் காத்திருந்தார். சரி என்றால் அடுத்த வாரமே நோயாளிகள் கைக்குப் போய்விடும். இருபது துண்டு வெட்டி, பத்தைக் கதிருக்கு அனுப்பினோம். லேசாக மஞ்சளாகித் திரும்பின.

எனக்குக் கை சும்மா இருக்குமா? கார்த்திக்கைக் குழப்ப, அனுப்பாத பத்துக்கும் மஞ்சள் நீராட்டு நடத்தினேன். அவனோ அளவெடுக்க இருபதையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டான். பிறகு எது எதென்று எனக்கே தெரியவில்லை.

அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "கடை மஞ்சளா, வீட்டு மஞ்சளா?" என்று கேட்டார். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் துடைத்தார். நான் மஞ்சள் பூசிய பத்து மட்டும் சிவந்தன. "சட்டையில மஞ்சக்கறை பட்டா நீ தொவைச்சதே இல்லையாலே?"

இழுத்தோம். கதிர் படாதவை முனகி, நார்நாராகப் பிரிந்து, செத்த நேரம் எடுத்து அறுந்தன. பட்டவை விறைப்பாக நின்று, சொல்லாமல் கொள்ளாமல் பிஸ்கட் போல முறிந்தன.

"ஒருத்தர் கையில கெடந்து இப்படி ஒடைஞ்சா?" அக்கா சிரிக்கவில்லை. "மஞ்சக் கதையையும் சேத்து எழுதிக் குடு. அதை மறைச்சா மத்ததை எவன் நம்புவான்?"

எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் பட்டையை எடுக்கவில்லை.

அக்கா அதோடு விடவில்லை. முறிந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கெட்டது துணியா, பிசினா, இல்ல ரெண்டும் ஒட்டுன எடமா?"

இப்போது துணியைத் தனியாகவும் பிசினைத் தனியாகவும் கதிருக்கு அனுப்பியிருக்கிறோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். புதன்கிழமை துண்டுகள் வந்துவிடும். இழுத்துப் பார்த்துவிடுவோம். யாரிடம் போய்ச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.