மீன் பெட்டிக்குள் மாமா

பந்து எறிவதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. எறிகிறவர் அம்மாவின் சொந்தத் தம்பியாக இருந்தும் நம்பவில்லை. திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த வீட்டில் சந்தேகப்படுவது பல் துலக்குவது போல அன்றாடக் காரியம். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலில் வந்த சாமான் சொன்ன சாமான்தானா என்று சந்தேகப்படுவதற்கே அவருக்குச் சம்பளம். அம்மா அதைச் சம்பளம் இல்லாமல் செய்தார். நான் இருவருக்கும் பிறந்தவள்.

மாமா பள்ளிக்கூட நாட்களிலேயே கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரமாட்டாராம். அந்த உயரத்தைப் பார்த்த ஒரு வாத்தியார் அவர் கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார். பிறகு கொழும்பில் ஒரு கம்பனி தன்னுடைய அணிக்காக அவரை எடுத்தது. பேருக்கு அங்கே ஒரு மேசையும் கதிரையும் உண்டு, ஆனால் உண்மையான வேலை பின்னேரம் பந்தோடுதான். அங்கிருந்து மாலைதீவில் ஒரு கிளப், அதன்பின் கட்டார். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, “கம்பனியிலை இருக்கிறான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். பந்து என்ற சொல் அவர் வாயில் வராது.

அப்பாவின் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. மாமா ஏதோ ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறார், அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பந்துக் கதை விடுகிறார் என்பது அவருடைய தீர்ப்பு. இலக்கம் போட்ட பெனியனோடு மாமா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அது கடையிலும் விற்கும் என்றார். விளையாடுகிற வீடியோ ஒன்றும் வந்தது. அதில் வேறு சிக்கல். எங்கள் தெருவில் மாமாவைக் கண்டுபிடிக்க உயரமான ஆளைத் தேடினால் போதும். அந்த வீடியோவிலோ எல்லாரும் உயரம். போனின் சின்னத் திரையில் எது மாமா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் உள்ளூர ஆசை, அது உண்மையாக இருக்கவேண்டும் என்று. பாய்ந்து வளையத்தைப் பிடித்துத் தொங்குவேன் என்று அவர் சொன்னதை நான் வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் மாமா லீவில் வந்தார். வழக்கமாகச் சில வாரங்களில் திரும்புகிறவர், இந்த முறை திரும்புகிற கதையே எடுக்கவில்லை. கேட்டால் “சீசன் முடிஞ்சுது அக்கா” என்றார். போன் வந்தால் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அப்பா என்னைப் பார்ப்பார், நான் அப்பாவைப் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பேச்சே தேவையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலையூற்றில் ஒரு பெண் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில், உடைந்த கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பந்து விளையாடுகிறவனுக்கு எப்படிப் பிள்ளையைக் கொடுப்பது என்று ஏற்கெனவே சில இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் குழம்பினால் தம்பி தனிமரம்தான் என்று அம்மா குசினிக்குள் அழுததை நான் கண்டிருக்கிறேன். விசாரிக்க ஆள் வரும், அதுவரை வீட்டில் ஒரு குறை தெரியக்கூடாது என்று எல்லாருக்கும் கட்டளை.

அப்போதுதான் மீன் பெட்டி வரத் தொடங்கியது.

எங்கள் தெருக் கோயிலில் கொடியேறிவிட்டது. கொடியேறினால் தேர், தீர்த்தம் முடியும்வரை தெரு முழுவதும் மரக்கறிச் சாப்பாடுதான். மீன்காரர் மணியைக்கூட அடிக்காமல் எங்கள் தெருவைக் கடந்துபோவார். அந்த நாட்களில்தான், சல்லிக் கிராமத்தில் மீன் வியாபாரம் செய்யும் மாமாவின் பள்ளிக்கூடக் கூட்டாளி, ஒவ்வொரு பின்னேரமும் ஓட்டோவில் பெட்டி கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் இறக்கினான். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, கொடியேறின பிறகும் உங்கட வீட்டுக்கு மீன் வருது?”

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு மீனும் இல்லை. உடைத்த ஐஸ் மட்டும். அம்மா ஒரு நொடி நிம்மதியடைந்தார், அடுத்த நொடியே மீன் இல்லாமல் ஐஸ் எதற்கு என்ற யோசனை வந்துவிட்டது. அன்று மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் கிட்டப் போய் வாயை மணந்து பார்த்தார். சாராய மணம் ஒன்றும் இல்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. பக்கத்து வீட்டு மாமிக்கு, தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கப்போகிறோம், அதற்குத்தான் ஐஸ் என்று ஒரு பொய் சொன்னார். அதனால் தேர் அன்று நாங்கள் உண்மையாகவே தண்ணீர்ப்பந்தல் வைக்கவேண்டி வந்தது. மாமி சர்பத்தை மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

விசாரணையை நான் என் கையில் எடுத்தேன். கிணற்றடியை மறைத்திருந்த தகரத்தில் ஒரு ஆணித் துவாரம் இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். ஆழ்கடல் படகுகளில் வைக்கிற பெரிய பெட்டி ஒன்றுக்குள், இடுப்புவரை ஐஸில், மாமா குந்தியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. உதடு நடுங்கியது. ஒரு கை இடது முழங்காலைப் பிடித்தபடி இருந்தது. ஏதோ வேண்டுதல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“மாமா, என்ன செய்யிறீங்கள்?”

திடுக்கிட்டு நிமிர்ந்தவர் என்னைக் கண்டு சிரித்தார். சிரிப்பும் நடுங்கியது. “வெளிநாட்டிலை விளையாடுற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் மருமகள். களைப்புப் போறதுக்கு. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன?”

சொல்லவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. வந்த நாள் முதல் பந்தையே தொடாத ஆளுக்கு என்ன களைப்பு?

மீன் பெட்டிக் கதை எப்படியோ பாலையூற்றுவரை போய்விட்டது. பெண்ணின் தகப்பனார் நேரே வந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். உறையைப் பிரிக்காமல் உள்ளே என்ன என்று ஊகிக்கிறவர் போல மாமாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டாரில் என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கும், யார் மேலதிகாரி என்று கேட்டார். பந்து விளையாடுவதுதான் வேலை என்று மாமா சொன்ன எதுவும் அவருக்குப் போதவில்லை.

“குறை நினைக்காதையுங்கோ தம்பி. ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோவன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

மாமாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அவர் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். “ஓம், அதுக்கென்ன!” அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். அவருக்கும் பார்க்கவேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் தெருவே கூடிவிட்டது. சீமெந்துத் தரையில் படுத்திருந்த, ஊருக்குள் சுற்றித் திரிகிற மான்களைப் பையன்கள் துரத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் படிக்கட்டில் உயரத்தில் இருந்தார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில், கைகளைப் பொத்திக்கொண்டு இருந்தேன். மாமா தோற்றால் கலியாணம் போச்சு என்று எனக்கு விளங்கியிருந்தது.

மாமா வளையத்தைச் சுற்றி வரைந்த கோட்டுக்கு வெளியே ஓரிடத்தில் போய் நின்றார். பையன்கள் ஓடி வியர்த்துப் பந்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் நின்ற இடத்திலிருந்தே எறிந்தார். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் விழுந்தது. சில தவறின, ஆனால் விழுந்தவைதான் அதிகம். தபால் அதிபர் எழுந்தே விட்டார்.

“பாத்தீங்களே! மற்றவை சும்மா ஓடித் திரியினம். தம்பி நிண்ட இடத்திலை நிண்டு அலுவலை முடிக்கிறார். சும்மாவே சம்பளம் குடுக்கிறாங்கள்?”

அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பாகூட, “உண்மையாத்தான் விளையாடியிருக்கிறான்” என்றார். எனக்குத்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வேலியோரம் நின்று, “அண்ணா, ஒருக்காப் பாய்ஞ்சு பிடியுங்கோ!” என்று கத்தினார்கள். மாமா சிரித்தாரே தவிரக் கால் நிலத்தைவிட்டு எழவில்லை. ஒருமுறைகூட எழவில்லை. எல்லாரும் கைதட்ட, நான் மட்டும் அவரை முழுப் பொய்யர் என்று முடிவு கட்டினேன்.

விளையாட்டு முடிந்ததும் மாமா படியேறி வந்து வணக்கம் சொன்னார். தபால் அதிபர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மாமா இறங்கத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால். எனக்குப் பின்னால், அதுவரை ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண். பக்கச் சுவரைப் பிடித்தபடி, வலது காலை முதலில் வைத்து, மாமா ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தார்.

“நோகிற காலை முதல் இறக்குங்கோ,” என்றாள் அவள், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “ஏறேக்கை மட்டும் நல்ல கால்.”

மாமா நின்றார். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு இடது காலை முதலில் இறக்கினார்.

அந்த முழங்கால் இனிப் பாயாது, விளையாட்டு முடிந்துவிட்டது என்று கட்டாரில் டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஐஸுக்குள் கிடந்தால் ஒருவேளை குணமாகும் என்ற நப்பாசையில் மாமா அதை யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எங்கள் வீட்டில் ஒருவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவர் கட்டாருக்குத் திரும்பாதபோது, எனக்கு மாமியாகிவிட்ட அந்தப் பெண்தான் போகவிடாமல் கெடுத்தார் என்று நான் பல வருடம் அவர்மீது கறுவிக்கொண்டு திரிந்தேன். முழங்கால் கதையைத் தெரிந்துகொண்டே சம்மதித்த ஒரே ஆள் அவர்தான் என்பது, வளர்ந்த பிறகு மாமாவே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். கலியாணம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தப் பெண் அதிகாரம் பண்ணுகிறாள், இந்த மனிதர் இதற்கு ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் பலத்த சந்தேகமாக இருந்தது.