அம்மை ஊசிக்கு நாலு பிள்ளை

தொண்ணூறுகளில் மைசூரில் குடியிருந்தோம். மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததுமே தட்டம்மை ஊசி போட்டாக வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த மாதம் கொள்ளேகாலில் அவனுக்கு முடியிறக்கு. அங்கே அவள் அம்மா தெருவில் வீட்டுக்கு வீடு அம்மை.

"ஊசி போடாம வந்தீங்கன்னா ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். எனக்கு நஞ்சன்கூட்டில் ஃபாக்டரி வேலை; அன்று வார லீவு. விளையாட்டாகச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் மற்ற குழந்தைகள் சொட்டு மருந்தும் முத்தடுப்பு ஊசியும் வாங்கிக்கொண்டு போயிருந்தன. அம்மை ஊசிக்கு என் மகன் மட்டும்தான்.

"ஒரே பாப்பாவுக்கு பாட்டில் திறக்க ஆகல்ல சார்" என்றார் நர்ஸம்மா. "ஒரு பாட்டில் அஞ்சு பேருக்கு வரும். திறந்துட்டா சீக்கிரம் கெட்டுடும், மிச்சத்த கீழ கொட்டணும். இன்னும் நாலு பாப்பா கூட்டிட்டு வாங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மனைவி முகம் ஞாபகத்துக்கு வந்ததும் இறங்கிவிட்டது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் முதல் கதவைத் தட்டினேன்.

"உங்க வீட்ல ஒம்பது மாசக் குழந்த இருக்குங்களா?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு நாள் தாடி, கசங்கிய லுங்கி. ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவன் பேச்சாக இருந்த சமயம் அது. போதாக்குறைக்கு என் மகன் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, காப்பாற்று என்பதுபோல் அலறினான். படாரென்று கதவு சாத்தப்பட்டது.

அடுத்த தெருவில் நல்ல காலம். எங்கள் பால்காரர் வீடு. அவர் மருமகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் குரல் கொடுத்துக் கூட்டம் சேர்த்துவிட்டாள். நான் தலைவன் மாதிரி முன்னால் நடந்தேன். ஆஸ்பத்திரியிலும் பெருந்தன்மை விடவில்லை. "நீங்க முதல்ல போடுங்கம்மா, நமக்கென்ன அவசரம்" என்று எல்லோரையும் முன்னால் அனுப்பினேன்.

எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வந்தது ஐந்து பிள்ளைகள்.

"பாட்டில் முடிஞ்சுபோச்சு சார்" என்றார் நர்ஸம்மா. "இன்னும் நாலு பாப்பா கூட்டிட்டு வாங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகன் என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

அப்போது வாசலில் ஒரே சத்தம். முதல் வீட்டு அம்மாள் கையில் விளக்குமாறு. பின்னால் அவள் தெருப் பெண்கள். "இவன்தான்! மக்களக் கள்ளன்!"

பிள்ளை பிடிக்கிறவன் திரியும்போது பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவார்களா? ஆளுக்கொன்றை இடுப்பில் வைத்திருந்தார்கள். நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, விளக்குமாற்றையும் பார்க்கவில்லை. இடுப்புகளைத்தான் பார்த்தார்.

"ஒம்பது மாசம் முடிஞ்சு அம்மை ஊசி போடாத பாப்பாவெல்லாம் இப்படி வாங்க!"

நாலு பிள்ளைகள் தேறின. புதுப் பாட்டில் திறந்தார்கள். நான் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். மகன் வீறிட்டான். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தன் பிள்ளை அழ ஆரம்பித்ததும் முதல் வீட்டு அம்மாள் விளக்குமாற்றை என் பக்கம் நீட்டினாள். "இவனுக்கு ஜுரம் வந்தா உங்க வீட்டுக்குத்தான் வருவேன். எங்க இருக்கு வீடு?"

அடையாளம் சொன்னேன். வேறு வீடு பார்க்க வேண்டாமே, இப்போது எனக்கும் ஒரு வீடு இருந்தது.