மாமனார் காருக்குப் பாட்டரி மாற்றியது

போடியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு மின்சாரக் கார் இருந்தது. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், முன்னால் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டாம். புகை வராது, சத்தம் வராது. பல நாட்களில் காரும் வராது.

மாமனார் ஏலக்காய் வியாபாரி. மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அந்தக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மாமனார் அதை வாங்கியதற்குக் காரணம், தேனியில் பருத்தி வியாபாரம் செய்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. தம்பியிடம் பெட்ரோல் கார் இருந்தது. தம்பி காரில் போக, அண்ணன் வில்வண்டியில் போவதா? இந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டில் பல வருஷம் ஓடியது.

காரின் அமைப்பே தனி. ஓட்டுகிறவர் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, படகுத் துடுப்பு மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் இரண்டு சிறிய ஆசனங்கள், ஓட்டுகிறவரைப் பார்த்தபடி. ஆக, நானும் அத்தையும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டு போவோம். எதிரில் மாடு வருகிறதா, மரம் வருகிறதா என்பதை அவர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அரிசி மில்லில் ஆயில் எஞ்சினோடு ஒரு டைனமோ உண்டு. அதில்தான் பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார்கள். அந்த வேலை மில் ஃபிட்டருடையது. மாமனார் என்ன சொன்னாலும் "அதுதான் சரி மொதலாளி" என்பது அவர் வழக்கம். மாமனார் தன் பேச்சை மாற்றிக்கொண்டால் அதுவும் சரிதான். அந்த வீட்டில் ஃபிட்டரை விட நல்ல பெயர் யாருக்கும் கிடையாது.

காரோடு துரை ஒரு இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்திருந்தார். நான் மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கதவுக்குப் பின்னால் நின்று அதைப் படித்து அர்த்தம் சொல்வது என் வேலை. சொல்வதுதான் என் வேலை, கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

"பாட்டரிக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும்னு போட்டிருக்கு மாமா. வேற தண்ணி ஆகாதாம்."

மாமனார் சிரித்தார். "வெள்ளைக்காரன் ஊர்ல நல்ல தண்ணி ஏது ஆத்தா? அவன் காய்ச்சித்தான் ஆகணும். நமக்குச் சுருளித் தண்ணி இருக்கு. பாவத்தையே கழுவுற தண்ணி, பாட்டரியக் கழுவாதா?"

"அதுதான் சரி மொதலாளி" என்றார் ஃபிட்டர்.

சுருளி அருவியிலிருந்து பித்தளைக் குடங்களில் தீர்த்தம் வந்தது. பாட்டரிகள் குடித்தன. முதலில் தேனிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த கார், அடுத்த வருஷம் தேனிக்குப் போக மட்டும் செய்தது. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஒரு தடவை திரும்பும் வழியில் கோடாங்கிபட்டி தாண்டியதும் நின்றுவிட்டது. மாமனார் இறங்கவில்லை. சாலையில் போகிறவர்களிடம், "காத்து நல்லா வருது, செத்த நிப்பாட்டியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மில் ஆட்கள் வந்து தள்ளும் வரைக்கும் அந்தக் காற்றை நாங்களும் வாங்கினோம். அத்தை எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுவே போதுமான தண்டனை என்று நினைத்தேன். போதவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். தம்பியின் கார் கொட்டகைக்குள் போனது. பஸ்கள் பாதி நின்றன. மாமனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உலகம் பூராவும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பேப்பரைப் படித்துவிட்டு, "பெட்ரோலு இன்னும் கொறையுமாம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்.

தம்பி மகளுக்குத் தேனியில் கல்யாணம் வைத்தார்கள். பெட்ரோல் கார் வைத்திருந்தவன் எல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கும்போது, தான் மட்டும் காரில் போய் இறங்க வேண்டும் என்பது மாமனார் எண்ணம். ஆனால் பாட்டரிகள் அதற்குள் மில் வாசலைத் தாண்டவே மறுத்தன. மெட்ராசுக்கு எழுதிப் போட்டார். புதுப் பாட்டரி யுத்தம் முடியாமல் கிடைக்காது என்று பதில் வந்தது.

"ஓடாத பஸ்ஸுக்குப் பாட்டரி எதுக்கு?" என்று மாமனார் கேட்டார். தெரிந்த பஸ் முதலாளி ஒருவரிடமிருந்து, கொட்டகையில் நின்ற பஸ்களின் பாட்டரிகளை இரவல் வாங்கிவந்தார்கள். ஒன்று புதுசு, ஒன்று கிழடு, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து படித்தேன். "எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வயசா இருக்கணுமாம் மாமா. தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்தக் கூடாதாம், தளும்புமாம்."

"பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூட ஒரே வயசு பாக்குறதில்ல, பாட்டரிக்குப் பாக்கவா?" என்றார் மாமனார்.

ஃபிட்டர், தான் நிறைவாகவே ஊற்றியிருப்பதாகவும், குறைவாக ஊற்றினால் முதலாளிக்குக் கௌரவமாக இருக்காது என்றும் சொன்னார்.

பஸ் பாட்டரிகள் காரின் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதனால் பின் ஆசனத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டரிகளை வரிசையாக அடுக்கி, மேலே பலகை போட்டார்கள். பலகை உறுத்தும் என்று அதன் மேல் புத்தம் புது இலவம்பஞ்சு மெத்தை போட்டார்கள். மாமனார் ஏறி உட்கார்ந்து அசைந்து பார்த்தார். "துரைகூட இப்பிடி ஒக்காந்திருக்க மாட்டான்" என்றார்.

கல்யாணத்தன்று காலையில் கிளம்பினோம். நானும் அத்தையும் பட்டுச்சேலை. மாமனார் மல் வேட்டி, கோட்டு, தலைப்பாகை. கார் உண்மையாகவே நன்றாக ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் பலகைக்கு அடியில் களக் களக் என்று தளும்பல் கேட்டது. பாதி வழியில் மாமனார் இப்படியும் அப்படியும் நெளிந்தார்.

"என்ன?" என்றாள் அத்தை.

"வேர்வை."

"தை மாசத்துலயா?"

அவர் முகம் எதிரில் ஏதோ பெரிய மாடு வருவதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், சாலை காலியாக இருந்தது.

கல்யாண வீட்டு வாசலில் அவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. கூட்டம் கூடியது. தம்பியே ஓடிவந்து கையைப் பிடித்து இறக்கினார். மாமனார் பந்தலுக்குள் போய் நடுவில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்: "சத்தமே இல்லாம வந்தேன். பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது." தாலி கட்டும்போதும் பக்கத்தில் இருந்தவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து எழுந்தார். வேட்டியின் முன்பக்கம் அவரோடு எழுந்தது. பின்பக்கம் பாயிலேயே இருந்தது.

பலகை இடுக்கு வழியாகத் தளும்பி மெத்தையில் ஊறியது வெறும் தண்ணீர் இல்லை. பாட்டரித் திராவகம் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. காயக் காய நூலை அரித்து, தொட்டால் உதிரும்படி ஆக்கிவிடும். மாமனாருக்குப் பின்னால் கல்யாணத்துக்கு வந்த ஜனம் பூராவும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பிதான் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணன் இடுப்பில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, மிக அடக்கமான குரலில் சொன்னார்: "வேட்டியும் சத்தமில்லாமப் போயிருச்சேண்ணே."

அதற்குப் பிறகுதான் பந்தல் சிரித்தது.

மாமனாரைக் கூட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பிக் குப்புறப் படுக்கவைத்து ஊருக்குக் கூட்டிவந்தோம். துணியைத் தின்ற திராவகம் தோலையும் விடவில்லை. வெண்ணெய் தடவிக்கொண்டு பல நாள் அப்படியே கிடந்தார். அந்த நிலையிலும், "புத்தகத்துல இதுக்கு ஏதாச்சும் போட்டிருக்கா ஆத்தா?" என்று என்னைக் கேட்டார். திராவகம் சிந்தினால் ஆப்பசோடாத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறது என்றேன். அவர் வாயிலிருந்து, "அப்ப கழுவுங்க" என்று வந்தது. என் புத்தகத்திலிருந்து அவர் ஏற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

அத்தை சோடாத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள். "அந்தப் புத்தகத்துல வீம்புக்கு மருந்து போட்டிருந்தா அதையும் படி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணியை நனைத்தாள். ஃபிட்டர் வாசலில் வந்து நின்று விசாரித்தார். மாமனார் உள்ளேயிருந்து, "எல்லாம் உன்னாலதான்டா" என்று கத்தினார்.

"அதுதான் சரி மொதலாளி" என்றார் ஃபிட்டர்.

கார் தேனியிலேயே தம்பி வீட்டுக் கொட்டகையில், அவருடைய பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் நின்றது. பஸ் முதலாளி வந்து தன் பாட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போனார். யுத்தம் முடிந்த பிறகும் மாமனார் புதுப் பாட்டரி என்ற பேச்சை எடுக்கவில்லை. மயிலாடும்பாறைப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவர் காரைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டார். கண்ணாடிக் கதவு, வெல்வெட் திரை, கெட்டியான சக்கரம். மாமனார் அவரிடம் பாட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய், முன்பக்கத்தை அறுத்து நுகத்தடி பூட்டி, இரண்டு காங்கேயம் மாடுகளைக் கட்டினார்.

ஒரு வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அந்த வண்டி எங்களைக் கடந்து போனது. உள்ளே அந்தச் சம்சாரியின் குடும்பம் மொத்தமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மாடுகள் ஓட்டமாக ஓடின. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் பார்த்தார்.

"பாத்தியா ஆத்தா," என்றார் என்னிடம். "நான் வாங்குன வண்டி. இன்னைக்கும் ஓடுது."