சீசனுக்குப் பிள்ளையை விட்ட வீடு

குற்றாலத்தில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு அறை. சீசன் வந்தால் ரெண்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியில் படுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொம்பளைப் பிள்ளை இருந்தால் சாரல் முடியும்வரை சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவோம். குளிக்க வருகிறவர்கள் குடித்திருப்பார்கள். யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அதனால் அந்த வழக்கம்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. தென்காசியில் என் தம்பி வீட்டில் விட்டேன்.

தம்பிக்கு ஒன்றரை வயதில் எங்கள் அம்மா செத்துப்போனாள். அவனைப் பார்த்துக்கொள்ள நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். இடுப்பிலேயே வைத்து வளர்த்தேன். என் மகளுக்குக் காது குத்தினதும் அவன் மடியில் வைத்துத்தான். ஆனி மாதக் கடைசியில் அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஆலங்குளம் போனாள். அப்போதும் பிள்ளையை நான் திரும்பக் கூப்பிடவில்லை. தாய்மாமன் வீடுதானே என்று இருந்துவிட்டேன்.

ஐந்தருவிப் பக்கம் எனக்குப் பழக்கடை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் தனியாக பஸ் ஏறி கடைக்கு வந்தாள்.

"மாமா வீட்டுக்கு இனிமே போமாட்டேன்."

"ஏம்ட்டி?"

"மாமா அசிங்கமாத் தொடுதாங்க."

கடையில் ஆள் நின்றது. நான் மங்குஸ்தான் கூறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"தூக்கி வளத்த மாமா தொடாம இருப்பானா? போட்டி. வெளிய இப்படிப் பேசிட்டுத் திரியாத."

மறுபடி அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி தேடிக்கொண்டு பைக்கில் வந்தான். நானே பிள்ளையைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்தேன். அதற்கப்புறமும் ஒரு வாரத்துக்கு மேல் அவள் அங்கே இருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு வகுப்பு எடுத்திருக்கிறார். உடம்பில் யாரும் தொடக்கூடாத இடம் எது, தொட்டால் என்ன செய்யவேண்டும் என்று. ஒருத்தர் நம்பவில்லை என்றால் அடுத்த ஆளிடம் சொல்லுங்கள், நம்புகிற ஆள் கிடைக்கிறவரை சொல்லுங்கள் என்றாராம். என் மகளுக்கு அடுத்த ஆள் டீச்சர்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நடந்ததைச் சொன்னார்.

"பிள்ளமேல ஒரு தப்பும் இல்ல. அத நீங்க உங்க வாயால அவகிட்டச் சொல்லணும். போலீசுக்கு நான் சொல்லியாகணும். சட்டம் அப்படி."

"இன்னைக்கு ஒருநாள் பொறுங்க டீச்சர். அவன் எந்தம்பி."

"பொறுக்க முடியாதும்மா."

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். செய்யக்கூடாதுதான். அப்போது தெரியாது. அவன் இல்லை என்று சொல்லுவான், நான் நம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஏலே, பிள்ள உன்னயப் பத்தி ஒண்ணு சொல்லுதா."

அவன் கேட்டான்: "யார் யார்ட்டச் சொல்லிருக்கா?"

என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. யாரிடம் சொன்னாள் என்றுதான் கேட்டான். எனக்குப் போதும். போனை வைத்துவிட்டேன்.

அந்த வருசம் எங்கள் அறையில் தங்கினவர்கள் ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணவில்லை. போகும்போது கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

சாயங்காலமே எங்கள் சித்தப்பா வந்தார். தம்பி அனுப்பியிருக்கிறான்.

"ஏட்டி, கூடப்பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ நல்லா இருப்பியா? அவனுக்கே இப்பத்தான் ஒரு பிள்ள பொறக்கப் போவுது."

"அதுவும் பொம்பளப் பிள்ளயா இருந்தா?"

"வாய மூடு. நாளைக்கு இவ பெரியமனுசி ஆனா எந்த மாமன் சீர் கொண்டு வருவான்?"

"சீர் வேண்டாம்."

"பெரிய படிச்சவ கணக்கால்லா பேசுத."

"படிக்கல சித்தப்பா. அவனத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க படிக்க?"

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அப்புறம் எங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை.

கேஸ் நடக்கிறது. மகள் மாசம் ஒருதடவை கவுன்சிலிங் மேடம் ஒருத்தரிடம் பேசப் போகிறாள். என்ன பேசினாய் என்று கேட்கக்கூடாது என்றார்கள். கேட்பதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தெருவில் இன்னும் சீசனுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். சொந்தக்காரன் என்று நம்பாதீங்க, பிள்ளை சொன்னால் கேளுங்க என்று சொல்லிப் பார்த்தேன். உன் வீட்டில் நடந்தால் எல்லா வீட்டிலும் நடக்குமா என்று ஒருத்தி கேட்டாள். நானும் முன்னால் அப்படித்தான் இருந்தேன்.

போலீஸ் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லவேண்டும்.

டீச்சர் கூப்பிட்டதற்கு மறுநாள் அது. லேடி இன்ஸ்பெக்டர் சாதாரணச் சேலையில் வந்தார். பிள்ளையிடம் பேசக் காக்கியில் வரக்கூடாதாம். முதலில் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் கூட இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முந்தின நாள் வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்தே என்னிடம் பேச்சு இல்லை. உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அடுத்து நான் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டேஷன் என்றாலே பயம். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"கடையில வந்து சொன்னாள்லா, அதச் சொல்லாத. நம்மளயும் கேஸ்ல இழுத்து விட்டிருவாங்க. நேத்து டீச்சர் சொல்லித்தான் தெரியும்னு சொல்லு."

நான் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு வாடகைக்கு ஆள் இல்லாத உள்ளறையில் மகள் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் சொல்லித்தான் தெரியும் என்றால், என் பிள்ளை என்னிடம் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். தம்பி செய்தது ஒன்று. அதுக்கு மேல் நானும் அவளைக் கைவிட்டது ஆகிவிடும்.

"முன்னாடியே தெரியும் மேடம். எங்கிட்டத்தான் முதல்ல சொன்னா. நான் நம்பல. திட்டி, திரும்ப அவன் கூடவே அனுப்பி வச்சேன்."

"என்னைக்கு?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். சனிக்கிழம."

வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் எழுதினார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"சனிக்கிழம லீவும்மா. வெள்ளிக்கிழம. நான் யூனிபார்ம் போட்டிருந்தேன்லா."

இன்ஸ்பெக்டர் சனியை அடித்துவிட்டு மேலே வெள்ளி என்று எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.